புத்தகப்பை யாருடைய தோளில்?



அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, மதிப்பெண் பட்டியல் வீடு வந்து சேரும் நாட்கள் இவை. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுக்கொண்ட கையோடு பல வீடுகளில் இந்தப் பட்டியலையும் பெற்றுக்கொள்கிறோம். வசன அட்டையைச் சுவரில் மாட்டுகிறோம். மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டில் யுத்தம் நடத்துகிறோம். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்திற்கான அறிவிப்பும் இந்நேரம் உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கும். ஆகவே இந்த வாரம், பதின்பருவத்துப் பிள்ளைகளின் படிப்பில் பெற்றோராகிய நாம் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும், அவர்களுடைய ஆசிரியர்களோடு பேச வேண்டியவர் யார் என்பதைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வீட்டு ஜெபங்களுக்குச் செல்லும்போது இருவகை வீடுகளைக் காண்கிறேன். முதல் வகை வீட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவனுடைய பாட அட்டவணை தாயின் தலைக்குள் இருக்கிறது. நாளைக்கு என்ன தேர்வு என்று அவனைக் கேட்டால், "அம்மாவுக்குத் தெரியும்" என்கிறான். ரெக்கார்டு நோட்டில் படம் வரைபவர் அம்மா. இரவு பத்து மணிக்குக் கடை தேடிச் சார்ட் வாங்கி வருபவர் அப்பா. வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் சந்தேகம் கேட்பவரும் நன்றி சொல்பவரும் பெற்றோரே. இரண்டாம் வகை வீட்டில் ஜூன் முதல் டிசம்பர் வரை பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பட்டியல் வந்த அன்று மட்டும் விசாரணை, ஒப்பீடு, கண்ணீர். பிறகு மீண்டும் அமைதி.

இவ்விரு வீடுகளிலும் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் பெற்றோர் பிள்ளைகளுக்காகவே உழைக்கிறார்கள். அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆனால் எந்தச் சுமை யாருடையது என்பதில் இரு வீடுகளும் தடுமாறுகின்றன.

இரண்டு பாரங்கள்

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டாம் வசனத்தில், விசுவாசிகள் ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். ஐந்தாம் வசனத்திலோ, ஒவ்வொருவரும் தத்தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டியிருக்கும் என்கிறார். மூன்று வசன இடைவெளியில் அப்போஸ்தலன் தன் பேச்சைத் தானே மறுத்துவிட்டாரா?

நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடங்களிலும் 'பாரம்' என்ற ஒரே சொல் நிற்பதால் இந்தக் குழப்பம் எழுகிறது. கிரேக்க மூலத்தில் அவை இரு சொற்கள். முன்னது 'பாரோஸ்': ஒருவனை அழுத்தி வளைத்துவிடும் கனம். பகல் முழுவதும் வெயிலில் உழைத்த திராட்சத்தோட்டத்து வேலைக்காரர்களின் பாட்டைச் சொல்ல மத்தேயு இச்சொல்லையே கையாளுகிறார் (20:12). பின்னது 'ஃபோர்த்தியோன்': ஒருவன் வழிப்பயணத்தில் தானே எடுத்துச்செல்ல வேண்டிய மூட்டை. கப்பலில் ஏற்றிய சரக்குக்கும் இச்சொல் வரும். தம்முடைய சுமை இலகுவானது என்று ஆண்டவர் சொன்னபோது (மத்தேயு 11:30) அங்கே இருப்பதும் இதுவே.

பிள்ளையை நசுக்கும் கனம் ஒன்று உண்டு. அதன்கீழ் நம் தோளைக் கொடுக்காவிட்டால் நாம் பெற்றோர் அல்ல. பிள்ளை தானே சுமந்து பழக வேண்டிய மூட்டை ஒன்றும் உண்டு. அதை நாம் வாங்கிக்கொண்டால் அவன் தோள் வலுப்பெறாது. என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றாடப் பாடமும் ஆசிரியரோடு அன்றாடப் பேச்சும் பதின்பருவப் பிள்ளையின் மூட்டை. பயம், அவமானம், நோய், காரணம் தெரியாத சரிவு ஆகியவை அவனை நசுக்கும் கனம். முன்னதிலிருந்து நாம் ஆண்டுக்கு ஆண்டு கையை எடுக்க வேண்டும். பின்னதில் அழைப்புக்குக் காத்திராமல் கை கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்காக இரவு முழுவதும் விழித்திருக்கும் நாம், "பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொல்லும்போது, "சும்மா சாக்குச் சொல்லாதே" என்று கடந்துவிடுகிறோம்.

இரண்டாம் வகை வீட்டாருக்கும் இந்த வேதபகுதியில் பங்கு உண்டு. பரிசேயர்கள் பிறர் தோள்மேல் சுமைகளை ஏற்றிவைத்து, தாங்கள் ஒரு விரலாலும் அவற்றைத் தொடுவதில்லை என்று ஆண்டவர் கடிந்துகொண்டார் (மத்தேயு 23:4). ஆண்டு முழுவதும் ஒன்றும் விசாரியாமல், பட்டியல் நாளில் மட்டும் 480 எங்கே, 490 எங்கே என்று கேட்கிற வீட்டுக்கு இந்த வசனம் கூர்மையானது.

ரெபெக்காளின் உதவி

பிள்ளைக்காகப் பெற்றோர் எல்லாவற்றையும் செய்து முடித்ததற்கு ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேதாகமத்தில் இல்லை. ஈசாக்கு ஏசாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டவள் ரெபெக்காள். திட்டம் அவளுடையது, சமையல் அவளுடையது. ஏசாவின் நல்ல வஸ்திரங்களை எடுத்து யாக்கோபுக்கு உடுத்தியவளும், அவன் கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டிகளின் தோலைப் போர்த்தியவளும், சமைத்த உணவை அவன் கையில் கொடுத்து அனுப்பியவளும் அவளே. மகன் தயங்கியபோது, வரும் சாபம் தன்மேல் வரட்டும் என்றாள். தாயன்பின் உச்சம் என்று நாம் நினைக்கக்கூடிய சொல் அது.

யாக்கோபு ஆசீர்வாதத்தைப் பெற்றுவிட்டான். ஆனால் ஏசாவின் கோபத்திலிருந்து தப்பச் சில நாட்கள் லாபானிடம் தங்கியிருக்கும்படி தாய் அனுப்பிய மகன், அங்கே 20 ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. அந்தத் தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. பகலின் வெயிலும் இரவின் குளிரும் தன்னை வாட்டியதை யாக்கோபு பின்னர் லாபானிடமே சொல்கிறான் (ஆதியாகமம் 31:40). அம்மா உடுத்திவிட்ட தோலைக் கழற்றிவிட்டுத் தன் சொந்தக் கைகளால் அவன் உழைக்கக் கற்றுக்கொண்டது அந்த அந்நிய மண்ணில்தான்.

இன்று ஒரு தாய் மகனுடைய ரெக்கார்டு நோட்டில் இருதயத்தின் படத்தை அழகாக வரைந்து பாகங்களைக் குறித்துக் கொடுக்கும்போது, ஆசிரியர் ஈசாக்கைப்போல அந்தத் தாளைத் தடவிப்பார்த்து, 'கையெழுத்து அம்மாவின் கையெழுத்துபோல் இருக்கிறதே' என்று சந்தேகித்தாலும் மதிப்பெண் போட்டுவிடுவார். ஆனால் அந்தப் பையனுக்கு இடது கீழறை எங்கே என்று தெரியாது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 'நீ செய்தால் போதாது' என்ற செய்தியை அவன் தன் தாயிடமிருந்தே கேட்டுவிட்டான். இப்போதெல்லாம் கட்டுரையைக் கைப்பேசிச் செயலியே எழுதித் தருகிறது. தாய் எழுதிக்கொடுத்த கட்டுரைக்குப் பழகிய பிள்ளை, செயலி எழுதிக்கொடுப்பதில் தவறு காண்பானா?

ஆய்வுகளும் இதை ஓரளவு ஆமோதிக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்களான நான்சி ஹில், டயானா டைசன் ஆகியோர் நடுநிலைப் பள்ளிப் பருவத்தைக் குறித்த 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோரின் ஈடுபாடு பொதுவாகப் பிள்ளைகளின் கல்வி அடைவோடு நல்லவிதமாகவே சேர்ந்துவருகிறது. வீட்டுப்பாடத்தில் செய்யும் உதவி மட்டும் அதற்கு விலக்கு என்று அவர்கள் கண்டார்கள். தடுமாறும் பிள்ளைக்கே பெற்றோர் அதிகம் உதவுவார்கள் ஆதலால், உதவியே கேடு என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் அவர்கள் கண்ட மற்றொரு விஷயத்தை நாம் மனத்தில் வைக்க வேண்டும். அடைவோடு மிக வலுவாக இணைந்து நின்றது வேறு வகையான ஈடுபாடு. கல்வி ஏன் மதிப்புள்ளது என்று பேசுவது, வீட்டின் எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்வது, இன்றைய பாடத்தைப் பிள்ளையின் நாளைய விருப்பத்தோடு இணைத்துக் காட்டுவது, எப்படிப் படித்தால் மனத்தில் நிற்கும் என்று உரையாடுவது ஆகியவையே அவை.

இவற்றில் எதற்கும் இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். "நான் எட்டாவதுதான் படித்தேன், ஐயா, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க?" என்று வருந்தும் தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலந்தொட்டு, இந்த மண்ணின் திருச்சபைகள் பள்ளிகளோடு சேர்ந்தே வளர்ந்தன. அப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களுள் எத்தனையோ பேர் தாங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைத்தவர்கள். அவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். வயல்வேலையிலிருந்து பிள்ளையை விடுவித்தார்கள். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நம்மில் பலர் அந்தக் கைநாட்டின் பேரப்பிள்ளைகள்.

ஆகவே, பெற்றோரின் பங்கு சிறியதன்று. அது வேறு இடத்தில் இருக்கிறது. படிக்க ஓரிடமும், தொலைக்காட்சி அணைந்த ஒரு வேளையும் ஏற்படுத்துங்கள். தேர்வுக் காலத்திலும் பிள்ளை போதுமான அளவு உறங்கட்டும். அவனுடைய கைப்பேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்; நம்முடையதும் அங்கேயே இருக்கட்டும். ஒரு கணக்கில் அவன் சிக்கிக்கொண்டால், "எதுவரை வந்தாய்? எந்த வரியில் நின்றுவிட்டாய்?" என்று கேளுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். சிக்கிய இடத்தைத் தானே அடையாளம் காணப் பழகிய பிள்ளை, மறுநாள் ஆசிரியரிடம் சரியான கேள்வியைக் கேட்பான்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஆண்டு முழுவதும் படிப்பின் பொறுப்பு தாயின்மேல் விழுகிறது. பட்டியல் நாளில் கோபம் மட்டும் தகப்பனிடமிருந்து வருகிறது. வேலை நிமித்தம் வெளியூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பவர்களும் நம் சபையில் உண்டு. வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசும்போது, "எவ்வளவு மார்க்?" என்ற கேள்வியை ஒரு மாதம் ஒதுக்கிவைத்து, "இந்த வாரம் எது கடினமாக இருந்தது?" என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்ய வேண்டாம் என்று பவுல் கொலோசெ சபைக்கு எழுதியபோது (3:21), அதைத் தகப்பன்மாரை நோக்கியே எழுதினார்.

ஏலி கற்றுக்கொடுத்தது

இனி ஆசிரியரோடு பேசுவதைப் பற்றி. சிறுவனாகிய சாமுவேல் இரவில் தன்னை யாரோ அழைப்பதைக் கேட்டு மூன்று முறை ஏலியிடம் ஓடினான். கர்த்தரே அழைக்கிறார் என்று மூன்றாம் முறை உணர்ந்துகொண்ட ஏலி என்ன செய்தான்? அவன் வயதில் மூத்தவன், ஆசாரியன், தேவாலயத்தின் பொறுப்பாளன். 'நீ சிறுவன், நான் போய்க் கேட்டு வருகிறேன்' என்று சொல்ல அவனுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அவனோ பையனைத் திரும்பிப் போய்ப் படுக்கச் சொன்னான். அழைப்பு வந்தால் என்ன சொல்லிப் பதிலளிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தான். பிறகு சிறுவனைத் தனியே அனுப்பினான் (1 சாமுவேல் 3).

பதின்பருவப் பிள்ளையின் பெற்றோருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. காய்ச்சலால் ஒரு தேர்வைத் தவறவிட்ட மகள், "அம்மா, மிஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்கிறாள். நீங்கள் உடனே கைப்பேசியை எடுக்காதீர்கள். "நீயே கேள். எப்படிக் கேட்பாய் என்று என்னிடம் ஒருமுறை சொல்லிக்காட்டு" என்று சொல்லுங்கள். 'மிஸ், காய்ச்சலால் திங்கட்கிழமை வரவில்லை. அந்தத் தேர்வை எப்போது எழுதலாம்?' என்ற இரண்டு வாக்கியங்களைச் சமையலறையில் நின்று பழகிக்கொண்டு போகட்டும். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திடுவது உங்கள் வேலை. கேட்பது அவள் வேலை. முதல்முறை தொண்டை அடைக்கும். மூன்றாம் முறை எளிதாகிவிடும். நாளை கல்லூரியில் பேராசிரியரிடமும், வேலையில் மேலாளரிடமும், மருத்துவமனையில் மருத்துவரிடமும் அவள் பேச வேண்டிய பேச்சுக்கு இது தொடக்கப் பள்ளி.

மகனோ மகளோ முதலில் பேசட்டும். அதனால் தீரவில்லையென்றால், அவர்களையும் அழைத்துக்கொண்டு நீங்கள் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். அதற்குப் பின்னரே தலைமையாசிரியர். இந்த வரிசையைத் தலைகீழாக்கி நேரே தலைமையாசிரியரிடம் போவது, சகோதரனோடு மனத்தாங்கல் உண்டானால் முதலில் அவனோடு தனித்துப் பேசும்படி ஆண்டவர் மத்தேயு 18இல் கற்பித்த ஒழுங்குக்கும் ஏற்றதன்று.

வாட்ஸ்ஆப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகளின் வகுப்பென்றால், நாற்பது வீடுகளின் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் கைப்பேசிக்கு இரவு ஒன்பது மணிக்கு வருகின்றன. அவருக்கும் வீடு உண்டு. அவருடைய பிள்ளைக்கும் நாளைக்குத் தேர்வு உண்டு. நம் சபையிலேயே ஆசிரியப் பணி செய்கிற சகோதர சகோதரிகளைக் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள். நாளை என்ன வீட்டுப்பாடம் என்பதை மகன் தன் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். எழுதி வரவில்லையென்றால், நண்பனைக் கேட்டு அறிந்துகொள்ளட்டும். அதற்கும் தவறினால், மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லட்டும். அந்த ஐந்து நிமிடச் சங்கடம் அவனுக்கு நாம் சொல்லும் ஐம்பது அறிவுரைகளைவிட நன்மை செய்யும்.

பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்திற்குப் பிள்ளையில்லாமல் செல்லாதீர்கள். மூன்று நாற்காலிகள் போடப்படட்டும். போவதற்கு முந்தின இரவு, "ஆசிரியர் உன்னைப்பற்றி என்ன சொல்வார் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் சொல்வதில் பெரும்பகுதி சரியாகவே இருக்கும். அங்கே சென்றபின், "எந்த இடத்தில் தடுமாறுகிறான்? தடுமாறும்போது உங்களிடம் வந்து கேட்கிறானா? வீட்டில் நாங்கள் எதை மாற்ற வேண்டும்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்து மேசையிலிருக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். ஆசிரியர் குறை சொன்னால், அந்த இடத்திலேயே பிள்ளையைத் திட்டி உங்கள் கண்டிப்பை நிரூபிக்க முயலாதீர்கள். வீட்டுக்கு வந்து ஆசிரியரைத் திட்டி உங்கள் பாசத்தை நிரூபிக்கவும் முயலாதீர்கள். மேல்நிலை வகுப்பில் அக மதிப்பீட்டுக்கென இருக்கும் 10 மதிப்பெண்ணைக் கூட்டிப்போடும்படி ஆசிரியரிடம் கெஞ்சுகிறவர்களும் உண்டு. உழைப்பால் பெற வேண்டியதைச் சிபாரிசால் பெறலாம் என்று அந்த நாளில் பிள்ளை கற்றுக்கொள்கிறான். ஞாயிறு பள்ளியில் நேர்மையைப் பற்றிப் படித்த மனப்பாட வசனம் அதற்குமுன் நிற்குமா?

பள்ளியோடு பேச வேண்டும் என்ற ஆர்வம் உள்ள பெற்றோருக்கு வேறொரு வாசல் திறந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆய்வகம் திறக்கிறதா, கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று கேட்கும் இடம் அது. உங்கள் ஒரு பிள்ளையின் அரை மதிப்பெண்ணுக்காகச் செலவிடும் நேரத்தை அந்தக் குழுவில் செலவிட்டால், ஊர்ப்பிள்ளைகள் அனைவரின் சுமையிலும் பங்கெடுத்தவர்களாவீர்கள்.

அழைப்புக்குக் காத்திராதீர்கள்

இதுவரை கையை எடுக்கச் சொன்னேன். இனி, கை கொடுக்க வேண்டிய இடங்களைச் சொல்லாவிட்டால், இந்தச் சிந்தனை ஆபத்தானதாகிவிடும்.

பிள்ளை பள்ளிக்குப் போகவே அஞ்சுகிறான் என்றால், 'நீயே பேசிக்கொள்' என்று சொல்லாதீர்கள். ஒருவர் அவனை அடிக்கிறார், சாதியையோ நிறத்தையோ உடலையோ சொல்லி இழிவுபடுத்துகிறார், மற்ற மாணவர்கள் சேர்ந்து துன்புறுத்துகிறார்கள், தகாத முறையில் ஒருவர் தொடுகிறார் அல்லது செய்தி அனுப்புகிறார் என்றால், அது பிள்ளையின் மூட்டையன்று, நசுக்கும் கனம். அன்றைக்கே நீங்கள் போக வேண்டும். வாய்மொழியாக மட்டுமன்றி எழுத்திலும் கொடுக்க வேண்டும். உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத அனைவருக்கும் அது பொருந்தும். 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், குடும்பத்தின் பெயர் கெட்டுவிடும், அது மிஷன் பள்ளி ஆயிற்றே' என்று மூடிவைப்பது விசுவாசமன்று. சிறியவரில் ஒருவரை இடறப்பண்ணுகிறவனைக் குறித்து ஆண்டவர் சொன்ன எச்சரிப்பு எந்த நிறுவனத்துக்கும் விலக்கு அளிப்பதில்லை.

நன்றாகப் படித்துவந்த பிள்ளையின் மதிப்பெண் இரண்டு தேர்வுகளில் தொடர்ந்து சரிந்தால், அதைச் சோம்பல் என்று உடனே பெயரிடாதீர்கள். கண்பார்வையாக இருக்கலாம், உறக்கமின்மையாக இருக்கலாம், சொல்லத் தெரியாத மனச்சோர்வாக இருக்கலாம், நம் வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். வாய்மொழியாகத் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். அத்தகைய பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இது பெற்றோர் செய்ய வேண்டிய வேலை; பதினான்கு வயதுப் பிள்ளை இதைத் தனியே செய்ய முடியாது. பிள்ளை வாழ்க்கையையே வெறுத்துப் பேசினால், ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு மருத்துவரிடமும் அழைத்துச்செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. ஒன்றைச் செய்வதால் மற்றொன்றில் நம் விசுவாசம் குறைந்துவிடுவதில்லை.

பிள்ளை இவற்றையெல்லாம் நம்மிடம் சொல்வானா என்பதே பெற்றோரின் கலக்கம். மீண்டும் ஏலியிடம் வருகிறேன். அந்த இரவுக்குப் பின், தான் கேட்டதைச் சொல்லச் சாமுவேல் பயந்தான். ஏனெனில் அது ஏலியின் குடும்பத்துக்கே எதிரான செய்தி. ஏலி அவனை அழைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லும்படி கேட்டான். சாமுவேல் எல்லாவற்றையும் சொன்னான். ஏலி கோபப்படவில்லை, அவன்மேல் பழி போடவில்லை, அது கர்த்தருடைய சித்தம் என்று ஏற்றுக்கொண்டான். தன் சொந்தக் குமாரரை வளர்ப்பதில் தவறிய ஏலி, இந்த ஒரு காலையில் எல்லாப் பெற்றோருக்கும் ஆசிரியனாகிறான். 38 மதிப்பெண் என்ற செய்தியை நாம் எப்படிக் கேட்கிறோம் என்று பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். சிறிய கெட்ட செய்தியை நாம் தாங்கிக்கொண்டால்தான் பெரிய கெட்ட செய்தி நம்மிடம் வரும்.

ஆண்டுதோறும் ஒரு சட்டை

'ஐயா, சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் இது போட்டி உலகம். நாங்கள் கையை எடுத்த வருடம் மார்க் குறைந்துவிட்டால்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறையக்கூடும் என்பதே என் பதில். ஆகையால்தான் பன்னிரண்டாம் வகுப்பின் ஜனவரியில் இதைத் தொடங்காதீர்கள் என்கிறேன். எட்டாம் வகுப்பின் ஜூனில் தொடங்குங்கள். பையை அடுக்குவதும் அட்டவணையைப் பார்ப்பதும் எட்டாம் வகுப்பிலேயே அவன் கைக்குப் போகட்டும். ஒன்பதில் வாரத் திட்டத்தை அவனே போடட்டும். ஞாயிறு மாலை ஒருமுறை உங்களிடம் காட்டட்டும். பத்தில் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதும் விடுபட்ட தேர்வைப் பேசுவதும் முழுவதும் அவன் பொறுப்பாகட்டும். பதினொன்று, பன்னிரண்டில் நீங்கள் ஆலோசகர்கள். ஒன்பதாம் வகுப்பின் மாதத் தேர்வில் விழுந்து எழுவதற்கு விலை குறைவு. எல்லாம் செய்துகொடுக்கப்பட்ட பிள்ளை, கல்லூரி விடுதியின் முதல் பருவத்தில், எழுப்பிவிட ஆளில்லாமல் விழும்போது விலை அதிகம்.

அன்னாள் தன் மகனைத் தேவாலயத்தில் விட்டுவந்தபின், வருடந்தோறும் அவனுக்கு ஒரு சிறிய சட்டையைத் தைத்து எடுத்துச்சென்றாள் (1 சாமுவேல் 2:19). விடுதியில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோரே, உங்களுக்கு இந்த வசனம் ஆறுதலாயிருக்கட்டும். தூரத்திலிருப்பவள் அக்கறையற்றவள் அல்லள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடந்த ஆண்டின் அளவுக்குத் தைத்தால் சட்டை இந்த ஆண்டு பொருந்தாது. வளர்ந்திருக்கும் மகனை மனத்தில் கண்டு ஒவ்வோர் ஆண்டும் அவள் அளவை மாற்றியிருக்க வேண்டும். நாமோ பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏழு வயது அளவில் அன்பைத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசே 2017இல் நிறுத்திவிட்டது. ஆனால் முடிவு வெளியான ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில், "எவ்வளவு மார்க்?" என்ற கேள்வி இன்னும் நிற்கவில்லை. மேடையில் பெயர் வாசிக்கப்படும் மூவரைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த நேரத்தில் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கிறிஸ்துவின் சரீரத்தில் ஓர் அவயவம். 35 எட்டாத பிள்ளைக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க நம் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. மார்க்கைக் கேட்பதற்குப் பதிலாக, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, மாலையில் நம் வீட்டுக்கு வா, சேர்ந்து போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவது என்பதற்கு இந்த மே மாதத்தில் அதுவே பொருள்.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் தேவாலயத்தில் போதகர்களின் நடுவே அமர்ந்திருந்தார். கேட்டுக்கொண்டும் அவர்களை வினவிக்கொண்டும் இருந்தார். அருகில் மரியாளோ யோசேப்போ இல்லை. மூன்று நாட்கள் தேடிக் கண்ட தாய், தன் வேதனையை மறைக்காமல் கேட்டாள். மகனின் பதிலை முழுவதும் விளங்கிக்கொள்ளாமலே தன் இருதயத்தில் வைத்துக்கொண்டாள். அவரும் அவர்களுடன் நாசரேத்துக்குப் போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். தேடும் அன்பும் உண்டு, கேள்வி கேட்க விடும் இடமும் உண்டு, திரும்பி வர ஒரு வீடும் உண்டு. அந்த வீட்டில்தான் அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகினார் என்று லூக்கா எழுதுகிறார்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து, அவனுக்காக நீங்கள் செய்துவரும் காரியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். "இவற்றில் எதை இனி நீயே செய்ய விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவனிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்காதீர்கள். பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "உனக்குக் கனமாக இருந்தும் என்னிடம் சொல்லாமலிருப்பது ஏதாவது உண்டா?" அவன் உடனே பதில் சொல்லாவிட்டாலும், கேட்டது அவன் மனத்தில் இருக்கும்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பிள்ளைகள் உம்முடைய ஈவு. அவர்கள் சுமக்க வேண்டியதை அவர்கள் கையில் விட எங்களுக்குத் தைரியம் தாரும். அவர்களை நசுக்குவதைக் காண எங்களுக்குக் கண்களையும், அதன்கீழ் நிற்கத் தோளையும் தாரும். அவர்களுக்குக் கற்பிக்கிற ஆசிரியர்களைப் பெலப்படுத்தும். தேர்வு எழுதப்போகும் ஒவ்வொரு பிள்ளையையும் உம்முடைய சமாதானம் காக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.